இமோஜென் என்னும் பெயர்: பாடமும் வழக்கும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மொழிபெயர்ப்பாளர்க்கான பயிலரங்கு ஒன்றில், மேலை இசை பற்றிய கட்டுரை ஒன்றின் பகுதிகள் மூவருக்குப் பிரித்தளிக்கப்பட்டன. மூவரும் முடித்துத் தந்த படிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, மூலத்தில் ஒருவராக இருந்த பெண்மணி தமிழில் மூவராகியிருந்தார். ஒரு படியில் அவர் இமோஜென் ஹோல்ஸ்ட்; மற்றொன்றில் இமோஜீன் ஹோல்ஸ்ட்; மூன்றாவதில் இமோகன் ஹோல்ஸ்ட். மூன்றாமவர்க்குக் கிடைத்த பகுதியில் அப்பெயர் ஒரே ஒருமுறை, பாற்குறிப்பு எதுவுமின்றி வந்திருந்தது. ஆகவே 'இமோகன்' அங்கே 'இசையறிஞன்' ஆகிவிட்டான். மோகன் என்ற பெயரைப் பிறந்தது முதல் கேட்டுப் பழகிய செவி, அன் ஈற்றைக் கண்டவுடன் ஆண்பால் எனக் கொண்டதில் வியப்பில்லை. தமிழிலக்கணம் அறிந்தவர் செய்யக்கூடிய பிழைதான் அது.

மூன்றனுள் எது சரி என்ற வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அப்பெயர் தன் சொந்த மொழியிலேயே உறுதிப்பட்ட வடிவம் உடையதன்று என்பது தெரியவந்தது. ஆங்கிலத்தில் வழங்கும் பெண்பெயர்களுள் ஒன்று இமோஜென். அதனைப் பிழையாகப் பிறந்த பெயர் என்று மூலபாட ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியது பிழையையா, பிழைக்கு முந்திய வடிவத்தையா என்ற சிக்கல் எழுகிறது. இக்கட்டுரை அச்சிக்கலை ஆராய முற்படுகிறது.

நம் இலக்கணிகள் பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தனர். இமோஜென் இவற்றுள் எதில் அடங்கும்? பெற்றோர் கருதி இட்ட இடுகுறியாக அது தோன்றவில்லை. காரணம் ஒன்று உண்டு. ஆயின் அக்காரணம் பொருளைச் சார்ந்ததன்று, எழுதிய கையைச் சார்ந்தது. நன்னூலார் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாக வகுக்கிறார். சோழநாடு சோணாடு ஆனதும் தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் மரூஉ. சிதைந்த வடிவமே ஆயினும் அதனை வழு என்று தள்ளாமல் இயல்பு வழக்கினுள் வைத்தது நம் மரபின் நுட்பம். ஆனால் மரூஉ நாவினால் விளைவது. எழுதுகோலினால் விளைந்த சிதைவுக்கு நம்மிடம் தனிப்பெயர் இல்லை. எழுத்து மரூஉ எனலாமோ என்று தோன்றுகிறது. அதற்கும் மரூஉவுக்குரிய தகுதி உண்டா என்பதே இங்கு வினா.

இப்பெயர் முதன்முதலாக அச்சில் காணப்படுவது 1623-இல் வெளிவந்த முதல் ஃபோலியோ எனப்படும் ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில். அதன் இறுதியில் உள்ள 'சிம்பலீன்' நாடகத்தின் தலைவி இமோஜென். பிரித்தானிய அரசன் சிம்பலீனின் மகள். தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பாஸ்துமஸ் லியோனாட்டஸ் என்பவனை மணக்கிறாள். நாடு கடத்தப்பட்ட கணவன், இயாக்கிமோ என்னும் இத்தாலியன் சொன்ன பொய்யை நம்பி அவளைக் கொல்ல ஆணையிடுகிறான். அவள் ஆணுடை பூண்டு 'ஃபிடேல்' என்ற பெயரோடு அலைந்து, இறுதியில் கணவனோடும் தந்தையோடும் சேர்கிறாள். ஃபோலியோவில் இந்நாடகம் முழுவதும் அவள் பெயர் இமோஜென் என்றே அச்சிடப்பட்டுள்ளது.

ஆயினும் அச்சுக்கு முந்திய சான்று ஒன்று வேறுவிதமாகப் பேசுகிறது. சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் தாம் கண்ட நாடகங்களைப் பற்றிக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அவர் 1611 செப்டம்பரில் இறந்தார். ஆகவே குறிப்பு அதற்கு முந்தியது. 'சிம்பலீன்' கதையைச் சுருக்கிச் சொல்லும் அக்குறிப்பில் தலைவியின் பெயர் 'இன்னோஜென்'. போலி ஆவணங்கள் புனைந்து பெயர் கெட்ட காலியர் என்பவரே இக்குறிப்புகளை 1836-இல் முதலில் வெளியிட்டார் என்பதால், இதுவும் புனைவோ என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. பின்னர் அது நீங்கியது. அரங்கில் அமர்ந்து கேட்டவர் எழுதியது என்பதால் இதனைச் செவிச்சான்று எனக் கொள்ளலாம். ஃபோலியோவோ படியைப் பார்த்துக் கோத்த அச்சு, அது கண்சான்று. செவியும் கண்ணும் மாறுபடும் இடத்தில் எதனை நம்புவது?

இன்னோஜென் என்ற பெயர் ஷேக்ஸ்பியருக்குப் புதியதன்று. பிரித்தானிய அரசர் கதைகளுக்கு அவர் பயன்படுத்திய ஹாலின்ஷெட் வரலாற்றுத் தொகுப்பில், பிரித்தானியர்க்கு மூதாதையாகச் சொல்லப்படும் புரூட்டு என்பவனின் மனைவி பெயர் இன்னோஜென். ஸ்பென்சரும் 1590-இல் வெளியிட்ட தம் காவியப் பகுதியில் அவளைக் குறிக்கிறார். இவற்றினும் வலிய சான்று ஷேக்ஸ்பியரின் மற்றொரு நாடகத்திலேயே உள்ளது. 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தின் 1600-ஆம் ஆண்டுக் குவார்ட்டோ பதிப்பில், முதற்காட்சியின் அரங்கக் குறிப்பு, ஆளுநன் லியோனாட்டோவுடன் அவன் மனைவி இன்னோஜென் வருவதாகக் கூறுகிறது. வந்தவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளை நோக்கி ஒருவரும் பேசவில்லை. ஆசிரியர் எண்ணத்தில் தோன்றி, எழுத எழுதத் தேவையற்றுப் போன பாத்திரம் எனலாம். 18-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர் திபால்டு அவளை நீக்கிவிட்டார். பெரும்பாலான பிற்காலப் பதிப்புகளிலும் அவள் இல்லை. ஆனால் அந்தப் பேசா மனைவி நமக்கொரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறாள். அங்கே லியோனாட்டோவுக்கு இன்னோஜென். இங்கே லியோனாட்டஸுக்கு இமோஜென். ஆசிரியர் மனத்தில் இணைந்து கிடந்த இரு பெயர்கள் பத்தாண்டு கழித்து மீண்டும் இணைந்தே வெளிப்பட்டன என்று கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது.

இன்னோஜென் எவ்வாறு இமோஜென் ஆயிற்று என்பதை விளக்குவது எளிது. அக்கால ஆங்கிலக் கையெழுத்தில் 'என்' எழுத்து இரண்டு குறுங்கோடுகளாலும் 'எம்' எழுத்து மூன்று குறுங்கோடுகளாலும் ஆனது. இரட்டை 'என்' நான்கு கோடு. விரைந்து எழுதிய படியில் நான்கு மூன்றாகத் தெரிவதற்குக் கண் சிறிது சோர்ந்தால் போதும். ஏட்டுச்சுவடியில் உழைத்தவர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை. ரகரமும் காலும் ஒரே வடிவில், புள்ளியின்றி எழுதப்பட்ட ஓலைகளில் ஒரு சொல்லை இருவர் இரண்டாகப் படித்ததும், இருவர் பாடமும் அச்சேறிப் பாடபேதமாக நின்றதும் நம் பதிப்பு வரலாற்றில் நாளும் காண்பன. அச்சுக்காலத்திலும் இது தொடர்கிறது. 'ஔவையார்' என்ற பெயரின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகக் கோத்து 'ஒளவையார்' என அச்சிட்ட நூல்கள் எத்தனை! வடிவ ஒப்புமையால் கண் ஏமாறுகிறது. நம் பேறு, வாய் ஏமாறவில்லை. ஔவையை எவரும் ஒ-ள-வை என்று அழைப்பதில்லை. உயிருள்ள ஒலிமரபு எழுத்துப்பிழையைத் தானே திருத்திக்கொண்டது. இமோஜெனுக்கு அத்தகைய காவல் இல்லை. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரையொட்டி 1642-இல் நாடக அரங்குகள் மூடப்பட்டன. மீண்டும் முறையாகத் திறந்தது 1660-இல். பழைய நடிகர் வாய்வழக்கு அறுந்தபின் எஞ்சியது அச்சுப்புத்தகமே. புத்தகம் சொன்னதே பெயராயிற்று.

மறுதரப்பையும் இங்குக் கூற வேண்டும். தவறு என்றால் ஓரிரு இடங்களிலாவது சரியான வடிவம் தப்பி நிற்க வேண்டாவா? ஃபோலியோவின் இந்நாடகத்தில் ஓரிடத்தும் இன்னோஜென் இல்லை. இத்தகைய ஒருமைப்பாடு கைப்பிழைக்கு இயல்பன்று, எண்ணித் துணிந்ததன் அடையாளம் என்பது ஒரு வாதம். ஷேக்ஸ்பியரே பின்னர்ப் பெயரை மாற்றியிருக்கலாம். ஃபோர்மன் தமக்குப் பழகிய புரூட்டின் மனைவி பெயரை நினைவில் கொண்டு எழுதியிருக்கலாம். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அச்சகத்துக்குச் சென்ற படியை ஒரே எழுத்தர் படியெடுத்திருப்பின், முதன்முறை எமகரமாகப் படித்தவர் பின்னர் ஒவ்வொரு முறையும் அவ்வாறே படித்திருப்பார். ஒருமைப்பாடு சரியான பாடத்துக்குத்தான் உரியது என்பதில்லை. உறுதியாக ஊன்றிய பிழைக்கும் அது உண்டு. மூன்று புறச்சான்றுகளும் ஒருபக்கம் சாய்வதால், ஷேக்ஸ்பியர் எழுதியது இன்னோஜென் என்பதே இக்கட்டுரையாளர் கருத்து. செய்யுள் யாப்பு இதில் துணை செய்யாது. இரண்டும் மூவசைப் பெயர்களே.

இனி இன்னோஜென் எங்கிருந்து வந்தது? 12-ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊரினரான ஜெஃப்ரி இலத்தீனில் எழுதிய பிரித்தானிய அரசர் வரலாற்றில் புரூட்டின் மனைவி, கிரேக்க அரசன் பாண்ட்ரசஸின் மகள், 'இக்னோகே' என வருகிறாள். கிரேக்கப் பெண்ணாகச் சொல்லப்படினும் பெயரில் கிரேக்கச் சாயல் இல்லை. பெயரகராதிகள் இதனைக் கெல்டிக் மொழிச் சொல்லொன்றோடு இயைக்கின்றன. பழைய அயர்லாந்து மொழியில் 'இங்கென்' என்றால் மகள், கன்னி. இன்றைய ஐரிஷ் மொழியில் அது 'இனீன்'. ஸ்காட்லாந்துக் கேலிக்கில் 'நியென்'. இச்சொல்லின் மிகப் பழைய வடிவம் கல்லில் கிடைக்கிறது. தென்மேற்கு வேல்ஸில் உள்ள இருமொழிக் கல்வெட்டொன்றில் இலத்தீனில் 'ஃபீலியா' என்ற சொல்லுக்கு நேராக, ஓகம் எழுத்தில் 'இனிகெனா' என்று பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டுக்கும் மகள் என்பதே பொருள். உள்ளே என்னும் பொருளுடைய முன்னொட்டும், பிறப்பைக் குறிக்கும் வேரும் சேர்ந்து ஆன சொல் இது. வடமொழியின் ஜனனம், ஜனனி முதலியவற்றில் உள்ள வேரும் இதுவே. இல்லில் பிறந்தவள் மகள் என்ற கருத்து நமக்கும் அயலானதன்று.

இவ்வேர்மூலம் கேட்க இனியது. எனினும் ஜெஃப்ரியின் இக்னோகேயையும் அயர்லாந்தின் இங்கெனையும் இணைக்கும் இடைநிலை வடிவம் எதுவும் கைக்கொண்டு காட்டத்தக்கதாக இல்லை. பெயர் நூல்கள் இதனை ஐயமின்றிச் சொல்லிச் செல்வது சரியன்று. ஆங்கில நாடக அவையினர் இன்னோஜென் என்ற பெயரில் கெல்டிக் மகளைக் கேட்டிருக்க மாட்டார்கள். மாசின்மை எனப் பொருள்படும் 'இன்னொசென்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லையே கேட்டிருப்பார்கள். பொய்ப்பழி சுமத்தப்பட்ட மனைவிக்கு இதனினும் ஏற்ற பெயர் எது? நாடக ஆசிரியனுக்கு வேண்டியது அகராதி மூலமன்று, அவையின் செவியில் எழும் எதிரொலி. ஒரு கோடு குறைந்ததால் இழந்தது அந்த எதிரொலிதான்.

இழந்ததை உணராமலே ஆங்கில உலகம் புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. வில்லியம் காட்வின் 1784-இல் பண்டைய வேல்ஸைக் களமாகக் கொண்டு எழுதிய புனைகதைக்கு 'இமோஜென்' என்றே பெயரிட்டார். மாத்யூ லூயிஸ் 1796-இல் வெளியிட்ட புதினத்தில் வரும் பேய்க்கதைப் பாடலில் தலைவி 'இமோஜின்'. மாட்டுரின் 1816-இல் அரங்கேற்றிய 'பெர்ட்ரம்' நாடகத் தலைவியும் அப்பெயரினளே. கவிஞனின் மனம் தீமைக்கும் நன்மைக்கும் ஒப்ப இடம் தரும் என்பதைக் கீட்ஸ் 1818-இல் ஒரு கடிதத்தில் விளக்கும்போது இயாகோவையும் இமோஜெனையும் இருதுருவங்களாக நிறுத்தினார். விக்டோரியா காலத்தில் இமோஜென் கற்புக்கு உருவகமாகவே போற்றப்பட்டாள். ஸ்வின்பர்ன் 1880-இல் வெளியிட்ட தம் ஷேக்ஸ்பியர் ஆய்வை அவள் புகழோடு முடிக்கிறார். 1896-இல் லண்டன் லைசியம் அரங்கில் எல்லன் டெரி அவ்வேடம் தாங்கியபோது பெர்னார்டு ஷா அவருக்கு மடல்மேல் மடலாக எழுதினார். பின்னர் இறுதியங்கத்தை 1937-இல் தாமே மாற்றி எழுதி மேடையேற்றவும் செய்தார். புகழ் வளர்ந்த இக்காலத்தில்தான் பெற்றோர் தம் மகளிர்க்கு இப்பெயரை இடத் தொடங்கினர். அப்போதும் அது ஊர்ப்பொதுப் பெயராகவில்லை. படித்த குடும்பத்தின் பெயராகவே இருந்தது.

இப்பெயர் தாங்கியோருள் இருவர் சிறப்பாகக் கூறத்தக்கவர். ஒருவர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம். 1883-இல் ஓரிகான் மாநிலம் போர்ட்லாண்டில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று, ஒளிப்பட வேதியியலைக் கற்க 1909-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர் சென்றவர். 1920-களில் அவர் எடுத்த மக்னோலியா மலர்ப் படங்களும், 1932-இல் நண்பர்களோடு சேர்ந்து நிறுவிய 'எஃப் 64' குழுவும் ஒளிப்படக்கலை வரலாற்றில் இடம்பெற்றவை. தொண்ணூறு வயது கடந்தும் முதியோரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார், 1976-இல் மறைந்தார்.

மற்றவர் பயிலரங்கில் மூவரான இமோஜென் ஹோல்ஸ்ட். விந்தை என்னவென்றால் இருவர் பிறந்த நாளும் ஏப்ரல் 12. ஹோல்ஸ்ட் பிறந்தது 1907-இல். இவர் தந்தை குஸ்தாவ் ஹோல்ஸ்ட் வடமொழி கற்று, ரிக்வேதப் பாடல்களைத் தாமே ஆங்கிலமாக்கி இசையமைத்தவர். மகாபாரதத்துச் சாவித்திரி கதையை ஓரங்க இசை நாடகமாக ஆக்கியவர். சத்தியவானைக் கூற்றிடமிருந்து மீட்ட சாவித்திரிக்கு அவர் இசை எழுதியதும், மகளுக்கு ஷேக்ஸ்பியரின் கற்புத்தலைவி பெயரை இட்டதும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. மகள் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1938-இல் எழுதி வெளியிட்டார். 1950-51 குளிர்காலத்தில் இந்தியா வந்து சாந்திநிகேதன் விசுவபாரதியில் தங்கி இந்திய இசை பயின்றார். அங்குள்ளோர்க்கு ஆங்கில நாட்டுப்பாடல் கற்பித்தார். 1952 முதல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் துணையாக இருந்து இசைப்படிகளை எழுதித் தந்தார். அவர் 1984-இல் மறைந்தார். பிறர் எழுத்தைப் பிழையறப் படியெடுப்பதில் ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரின் சொந்தப் பெயரே படியெடுத்தவர் பிழையால் வந்தது.

நகைச்சுவை நடிகை இமோஜீன் கோகா, பியானோக் கலைஞர் இமோஜென் கூப்பர், நடிகை இமோஜென் ஸ்டப்ஸ், பாடகர் இமோஜென் ஹீப் ஆகியோரும் அறியப்பட்டவர்கள். இவர்களுள் கோகாவின் பெயர் அமெரிக்காவில் வழங்கும் கிளைவடிவம்; இறுதியில் ஓர் எகரம் கூடி, ஈற்றசை நெடிலாக ஒலிப்பது. ஆகவே 'இமோஜீன்' என்பது அவர்க்குச் சரி, ஹோல்ஸ்டுக்குத் தவறு.

பெயர் இவ்வாறு மனிதரிடம் வேரூன்றிய பின்னர்தான் மூலபாட ஆய்வாளர் பழைய வடிவத்தை மீட்டனர். ஸ்டான்லி வெல்ஸும் கேரி டெய்லரும் பொதுப் பதிப்பாசிரியராக இருந்து 1986-இல் வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு முழுத்தொகுப்பில் தலைவி இன்னோஜென் ஆனாள். இயாக்கிமோவும் 'ஜாக்கமோ' ஆனான். 1998-இல் ரோஜர் வாரன் பதிப்பும், 2017-இல் வாலரி வெய்ன் செய்த ஆர்டன் பதிப்பும் இன்னோஜெனையே ஏற்றன. அரங்கத்தார் ஒருமனப்படவில்லை. 2016-ஆம் ஆண்டு இரு பெரிய குழுக்கள் இந்நாடகத்தை நடித்தன. ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் மேடையில் அவள் இன்னோஜென். லண்டன் குளோப் அரங்கில் நாடகத்தின் தலைப்பே 'இமோஜென்' என மாற்றப்பட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாசிரியரின் துணிவைப் பாராட்ட வேண்டும். அவர்கள் நெறி ஒன்றே: பின்னர் நேர்ந்த மாற்றத்தை நீக்கி முதல் வடிவைத் தருதல். இந்நெறியால்தான் 'நான்காம் ஹென்றி' முதற்பகுதியில் ஃபால்ஸ்டாஃப் என்ற உலகறிந்த பெயரை எடுத்துவிட்டு, முதலில் இருந்த ஓல்டுகாசில் என்ற பெயரை வைத்தனர். அதனைப் படிப்போர் பொதுவாக ஏற்கவில்லை. இன்னோஜெனை ஆய்வாளர் பலர் ஏற்றுக்கொண்டனர். இரண்டும் ஒன்றல்ல என்பதை இங்குச் சுட்ட வேண்டும். ஓல்டுகாசில் பெயரை மாற்றியது ஆசிரியரே, பிறர் வற்புறுத்தலால் ஆயினும். மாற்றியபின் மேலும் நாடகங்களில் ஃபால்ஸ்டாஃபை நடமாட விட்டதும் அவரே. இன்னோஜெனை மாற்றியது ஆசிரியர் அல்லர், கண். ஆகவே ஒன்றைத் திருத்துவது பாத்திரத்தின் வளர்ச்சியை மறுப்பதாகும். மற்றதைத் திருத்துவது பதிப்பாசிரியரின் கடமை. இரண்டையும் ஒரே கோலால் அளந்ததே அப்பதிப்பின் குறை.

இத்துணையும் ஆங்கிலப் பதிப்பாசிரியர் சிக்கல். இந்திய மொழிபெயர்ப்பாளர் நிலை வேறு. நம் நாட்டில் 'சிம்பலீன்' புதியதன்று. சத்யேந்திரநாத் தாகூர் 1860-களில் வங்காளத்தில் இதனைத் தழுவி எழுதிய நாடகத்தின் பெயர் 'சுசீலா-வீரசிம்ஹ'. விஷ்ணு மோரேஷ்வர் மகாஜனி 1879-இல் செய்த மராத்தித் தழுவல் 'தாரா'. பரோடாவில் அதனைக் கண்ட ஹெரால்டு லிட்டில்டேல் 1880-இல் 'மாக்மில்லன்' இதழில் விரிவாக எழுதினார். இரு தழுவல்களிலும் அரசன் பெயர் தலைப்பிலிருந்து விலகி, பெண் பெயர் தலைப்பேறியிருப்பது நோக்கத்தக்கது. லண்டன் குளோப் 2016-இல் செய்ததைப் பரோடா 1879-லேயே செய்துவிட்டது. அதனினும் குறிப்பிடத்தக்கது சுசீலா என்ற தேர்வு. நல்லொழுக்கம் உடையவள் என்பது அதன் பொருள். ஆங்கில அச்சு தொலைத்துவிட்ட 'மாசின்மை' எதிரொலியை, அது தொலைந்ததென்றே அறியாத வங்க ஆசிரியர் கதைப்போக்கிலிருந்தே மீட்டெடுத்துவிட்டார். வீரசிம்ஹன் என்ற பெயரில் லியோனாட்டஸின் சிங்கம் ஒலிப்பதும் தற்செயலாகத் தோன்றவில்லை.

தமிழில் பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தைச் 'சிம்ஹளநாதன்' ஆக்கினார். ஹாம்லெட்டை அமலாதித்யன் என்றும் மாக்பெத்தை மகபதி என்றும் ஆக்கிய அவரது முறை ஒலிவழி முறை. அயற்பெயரின் ஓசையை வைத்துக்கொண்டு உள்நாட்டுப் பெயரொன்றைத் தேடுவது அது. சிம்பலீன் என்பதில் சிம்ஹளம் கேட்டது அவர் செவி. ஓசை பேணப்பட்டது, பொருள் புதிதாகப் பிறந்தது. ஒருவகையில் இதுவும் எழுத்து மரூஉவுக்கு உடன்பிறப்பே; வேறுபாடு, இது அறிந்து செய்தது.

தழுவலுக்கு உள்ள இவ்வுரிமை மொழிபெயர்ப்புக்கு இல்லை. இன்று 'சிம்பலீனை' நேராகத் தமிழாக்குபவர் பெயர்களை ஒலிபெயர்த்தே தீர வேண்டும். ஆயினும் எல்லாப் பெயரையும் ஒலிபெயர்த்து விடுவதால் இந்நாடகம் கெடும். ஏனெனில் பெயர்ப்பொருள் பேசும் நாடகம் இது. 'ஃபிடேல்' என்பது நம்பிக்கைக்குரியவன் எனப் பொருள்படும். உரோமானியத் தளபதி அப்பெயரைக் கேட்டு, அது அவன் பண்புக்கும் பண்பு அதற்கும் பொருந்துவதாகச் சொல்கிறான். ஃபிடேல் என்று மட்டும் எழுதினால் தமிழ் படிப்பவர்க்கு அவன் எதை வியக்கிறான் என்பது விளங்காது. அவள் தானே புனைந்துகொண்ட பெயர் அது; புனைபெயரைப் பொருள்பெயர்ப்பதில் தடையில்லை. மெய்யன் எனலாம்.

இறுதிக் காட்சியில் குறிசொல்பவன் செய்யும் சொல்லாய்வு இன்னும் சுவையானது. தெய்வம் தந்த ஏட்டில் 'மெல்லிய காற்று' என்று வருவதை அவன் விளக்குகிறான். இலத்தீனில் மெல்லிய காற்று 'மோல்லிஸ் ஆயெர்'; அதுவே பெண்ணைக் குறிக்கும் 'முலியெர்' ஆயிற்று; ஆகவே ஏடு குறிப்பது இவ்விளவரசியையே என்கிறான். பெண் என்ற சொல்லை மென்மையோடு இயைக்கும் இச்சொல்லாய்வு இடைக்கால அறிஞரிடம் வழங்கியதே. இன்றைய மொழியியலில் அதற்கு இடமில்லை. பிழைப்பெயர் தாங்கிய தலைவி பிழைச்சொல்லாய்வால் அடையாளம் காணப்படுகிறாள். இதனை மொழிபெயர்க்க இயலாது என்று அடிக்குறிப்பில் ஒதுக்குவது வழக்கம். தமிழில் அதற்குத் தேவையில்லை. பெண்ணை 'மெல்லியல்' என்பது நம் செய்யுள் வழக்கு. 'மெல்லியல் வளி என்பதே ஈற்றுச்சொல் குறைந்து மெல்லியல் என நின்றது' என்று நம் குறிசொல்பவன் கூறினால், மூலத்தில் உள்ள அதே அளவு பொய்யும் அதே அளவு அழகும் கிடைக்கும். இலத்தீனில் வலிந்து செய்ததைத் தமிழ் இயல்பாகத் தருகிறது.

இனித் தலைவியின் பெயர். இன்னோஜெனுக்கு எதிராக ஆங்கிலத்தில் சொல்லக்கூடிய வலிய வாதம் வழக்கு. முந்நூறு ஆண்டு இலக்கியமும், அப்பெயர் தாங்கி வாழ்ந்த மகளிரும் இமோஜெனுக்குச் சான்று. இவ்வாதம் ஆங்கிலத்தின் எல்லைக்குள் மெய். மொழி கடந்தால் அது உடன்வருவதில்லை. தமிழில் இமோஜென் என்ற பாத்திரத்துக்கு மரபு எதுவும் உருவாகவில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் சரியான பாடத்தை ஏற்கத் தயங்குவானேன்? ஆகவே நாடக மொழிபெயர்ப்பில் 'இன்னோஜென்' என்றே எழுத வேண்டும் என்பது என் கருத்து. 'இன்' என்ற தொடக்கத்தில் இனிமை ஒலிப்பது நமக்குக் கிடைத்த உபரி. அது ஷேக்ஸ்பியர் கருதியதன்று. ஆனால் வேண்டாமென்று தள்ளவும் மனமில்லை.

வாழ்ந்த மனிதர் பெயரில் இவ்வுரிமை இல்லை. ஹோல்ஸ்டையும் கன்னிங்ஹாமையும் இன்னோஜென் ஆக்க எவருக்கும் அதிகாரமில்லை. அவர்கள் பெயர் பிழையில் தொடங்கியதாயினும் பிழையன்று; பெற்றோர் அறிந்து இட்டது, அவர்கள் வாழ்ந்து நிறுவியது. அதனை எழுதும் முறையில்தான் கருத்து வேறுபாடு. பிரித்தானிய ஒலிப்பில் முதலசையே அழுத்தம் பெறும்; மற்ற இரண்டும் நலிந்து 'இமஜன்' என்பதற்கு அருகில் ஒலிக்கும். ஒலியை மட்டும் கருதினால் அவ்வாறே எழுத வேண்டும். ஆனால் தமிழில் அன் ஈறு ஒலி மட்டுமன்று, பால் காட்டும் விகுதி. வினைமுற்றும் சுட்டுப்பெயரும் அதனைத் தொடர்ந்து தம்மை அமைத்துக்கொள்ளும். இமோகன் ஆணானது அவ்வாறே. என் ஈற்றுக்கு அவ்வாபத்து இல்லை. அது படர்க்கை ஆண்பாலைக் காட்டுவதன்று. ஒலியில் சிறிது விலகினாலும் 'இமோஜென்' என்பதே தமிழில் பாதுகாப்பான வடிவம். வடவெழுத்து நீக்கி 'இமோசென்' என எழுதுவோர் உளர். உயிர்களுக்கிடையே நிற்கும் சகரம் வேறொலி பெறும் என்பதை எண்ணின், இவ்விடத்தில் ஜகரத்தைத் தள்ளுவதால் நேரும் தொலைவு பெரிது. நெறியாக அதனைக் கொள்வோர் கொள்ளட்டும்; ஒரே நூலில் இரண்டையும் கலப்பது கூடாது.

இம்முடிவுக்கு ஒரு விலையுண்டு. நாடகத்தில் இன்னோஜென் என்றும் வாழ்க்கை வரலாற்றில் இமோஜென் என்றும் எழுதினால், ஹோல்ஸ்டின் பெயர் அந்நாடகத் தலைவியின் பெயரே என்பது தமிழ் படிப்பவர்க்குத் தானாகப் புலப்படாது. ஆங்கில வாசகர்க்குச் சொல்லாமலே விளங்கும் உறவு நமக்கு அடிக்குறிப்பால்தான் விளங்கும். பயிலரங்குப் படிகளை ஒழுங்குசெய்தபோது மூன்றிடத்தும் 'இமோஜென்' என்று திருத்தி, பெயரடைவில் 'இன்னோஜென் – காண்க: இமோஜென்' என ஒரு வரி சேர்த்தோம். கட்டுரையில் ஓரிடத்தும் வராத பெயருக்கு அடைவில் இடம் எதற்கு என்று அச்சுப்படி திருத்தியவர் கேட்டு, அவ்வரியை அடித்து அனுப்பினார். மீண்டும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறோம்.